கத்தரிப்பூ நிறச் சாடி எந்த ஊர்ச் சரக்கு? பழைய அச்சுக் கண்ணாடியின் பிறப்பிடம் அறியும் வழிகள்: ஓர் ஒப்பீடு

என் மேசைமேல் மூன்று கண்ணாடிப் பொருள்கள் இருக்கின்றன. முதலாவது உள்ளங்கைக்குள் அடங்கும் பூச்சாடி. கத்தரிப்பூ நிறம், அதற்குள் வெள்ளை வரிகள் நெளிந்து ஓடுகின்றன. பாலில் நாவற்பழச் சாற்றை ஊற்றி, முழுதும் கலக்கும் முன் கையை எடுத்துவிட்டது போல இருக்கும். இரண்டாவது எலுமிச்சை மஞ்சள் தட்டு. நடுவில் தெளிந்த மஞ்சள். விளிம்புக்குப் போகப்போகப் பால் வெண்மை. மூன்றாவது தந்த நிறத்தில் ஒரு சிறு கிண்ணம். மூன்றையும் வடகிழக்கு இங்கிலாந்தின் பழைய சாமான் சந்தைகளில் வெவ்வேறு ஆண்டுகளில் வாங்கினேன். விற்ற மூவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "விக்டோரியா காலத்துச் சவர்பி கண்ணாடி." சவர்பி என்பது வடகிழக்கு இங்கிலாந்தின் ஒரு பழைய கண்ணாடித் தொழிற்சாலை. மூவரில் ஒருவர் சொன்னது மட்டுமே சரி.

நிறக் கண்ணாடி சேர்க்கிறவர்கள் எல்லாருக்கும் இந்தச் சிக்கல் வரும். நாம் நிறத்தில் மயங்கி வாங்குகிறோம். பிறகு அந்த நிறத்தையே சாட்சியாக நிறுத்தி ஊர் கேட்கிறோம். பல ஆண்டுகள் பார்த்தபின் எனக்கு உறுதியாகத் தெரிந்தது, பிறப்பிடத்தைப் பற்றி மிகக் குறைவாக அறிந்த சாட்சி நிறம்தான் என்பது. காரணம் செய்முறையிலேயே இருக்கிறது. உருகிய கண்ணாடியை உலோக அச்சுக்குள் விட்டு, உலக்கை போன்ற தண்டை நெம்புகோலால் இறக்கி அழுத்துவதுதான் அச்சுக் கண்ணாடி. அமெரிக்காவில் 1820களில் பரவிய இந்த முறை அடுத்த பத்தாண்டில் இங்கிலாந்துக்கு வந்தது. இதில் அச்சுதான் முதலீடு. அதை வெட்டக் கைதேர்ந்தவர் வேண்டும், நாள் பிடிக்கும், பணம் செலவாகும். ஆகவே அது ஒரு தொழிற்சாலையின் சொத்து. நிறம் அப்படியல்ல. மாங்கனீசு, கோபால்ட், செம்பு, யுரேனியம் ஆகியவற்றைக் காசு கொடுத்தால் யாரும் வாங்கிக் கலக்கலாம். விற்கிற நிறம் எதுவோ அதைப் பக்கத்து ஊர்க்காரரும் அடுத்த ஆண்டே போட்டுவிடுவார்.

கத்தரிப்பூ நிற வரிக் கண்ணாடியையே எடுத்துக்கொள்வோம். இதைச் சந்தையில் 'ஸ்லாக்', அதாவது கசடு, என்பார்கள். இரும்பு உலையின் கசடைக் கண்ணாடியில் கலந்ததால் இந்த வரிகள் வந்தன என்ற கதையும் கூடவே வரும். கதை சுவையானது, ஆனால் உண்மையில்லை. நிறமுள்ள கண்ணாடியையும் ஒளிபுகாத வெள்ளைக் கண்ணாடியையும் அரைகுறையாகக் கலந்து அழுத்தினால் இந்த வரிகள் தாமாக வரும். கேட்ஸ்ஹெட் நகரின் சவர்பி இதை 'மலக்கைட்' என்று விற்றது. அதே நகரின் டேவிட்சனும் சண்டர்லாந்தின் கிரீனரும் இதைச் செய்தார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் டாரன்டம் நகரிலிருந்த சாலினர் டெய்லர் நிறுவனம் 1886இல் 'மொசைக்' என்ற பெயரில் காப்புரிமை பெற்றது. ஒஹாயோவின் இம்பீரியல் நிறுவனம் 1959இல் பழைய பாணியில் மறுபடி போடத் தொடங்கியது. கண்ணை மட்டும் நம்பினால் இந்த ஐவரில் யாரையும் சொல்லலாம்.

அதைவிடக் கவனம் தேவைப்படும் இடம் வெளிர் ஊதா. தெளிந்த கண்ணாடியின் பச்சைச் சாயலைப் போக்க அக்காலத்தில் மாங்கனீசு சேர்த்தார்கள். அந்தக் கண்ணாடி ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்தால் மெல்ல ஊதாவாக மாறும். கதிர்வீச்சுக்கு உட்படுத்தி வேண்டுமென்றே அப்படி மாற்றி, 'அபூர்வ நிறம்' என்று விற்பவர்களும் உண்டு. ஆகவே சாதாரணத் தெளிந்த கண்ணாடியாக எங்கும் கிடைக்கும் ஒரு வடிவம், எந்த விலைப்பட்டியலிலும் இல்லாத வெளிர் ஊதாவில் கைக்கு வந்தால், மகிழும் முன் ஐயப்படுங்கள்.

நிறத்தோடு சேர்த்தே பேச வேண்டியது புறஊதா விளக்கு. இன்று எல்லாரும் முதலில் வாங்கும் கருவி அதுதான். இருட்டறையில் என் மஞ்சள் தட்டின்மேல் அதைக் காட்டினால் தட்டு முழுதும் பச்சையாக எரிகிறது. பார்க்க அவ்வளவு அழகு. முதல்முறை பார்த்தபோது விளக்கை அணைக்க மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பச்சை சொல்வது ஒன்றுதான்: இதில் யுரேனியம் இருக்கிறது. பொஹீமியாவில் ஜோசப் ரீடல் 1830களிலேயே யுரேனியக் கண்ணாடியை வணிகச் சரக்காக்கிவிட்டார். அதன்பின் பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா என எல்லா இடத்திலும் போட்டார்கள்; இன்றும் அமெரிக்காவில் புதிதாகச் செய்கிறார்கள். எனவே அந்த ஒளி ஊரையும் சொல்லாது, பழமையையும் உறுதி செய்யாது. மாங்கனீசு கலந்த கண்ணாடியும் மங்கலான பச்சை காட்டும் என்பதால் ஏமாறவும் இடமுண்டு. என்னிடம் கேட்டால், புறஊதா விளக்கு ஒரு வழக்கை முடிக்கும் கருவியல்ல. சில பெயர்களைப் பட்டியலிலிருந்து அடிக்கும் கருவி. யுரேனியம் கலந்ததென்று உறுதியாகத் தெரிந்த ஒரு சரக்கின் பெயரைச் சொல்லி விற்கப்படும் பொருள் இருட்டில் சும்மா இருந்தால், அந்தப் பெயர் தவறு. அவ்வளவு பயன் போதும்.

இனி அடிக்குறி. இது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வடகிழக்கு இங்கிலாந்து தொழிற்சாலைகள் 1870களின் நடுவிலிருந்து தங்கள் குறியை அச்சிலேயே வெட்டின. சவர்பியின் குறி மயில் தலை. 1876 முதல் வருகிறது. கிரீனரின் குறி விண்மீன் ஏந்திய சிங்கம். 1885இல் ஜாப்ளிங் அந்தத் தொழிற்சாலையை எடுத்தபின் அதே சிங்கம் கோடரி ஏந்தியது. டேவிட்சனுக்கு மகுடத்திலிருந்து எழும் அரைச் சிங்கம். மான்செஸ்டர் பக்கத்து ஜான் டார்பிஷையருக்கு நங்கூரத்தோடு பின்னிய பெயரெழுத்துகள். அவர் 1874இல் பதிவு செய்த படுத்த சிங்க உருவம் இன்றும் சேர்ப்பவர்கள் தேடும் பொருள்.

இந்தச் சிங்கக் குறிகளைத் தேய்ந்த அடியில் பிரித்தறிவது எளிதல்ல. இங்கேதான் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் தேவை. விளக்கை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடியுங்கள். என் பூச்சாடியில் குறியே இல்லையென்று ஓராண்டு நினைத்திருந்தேன். அடிப்புறத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தேன். சவர்பி சில பொருள்களில் குறியை உட்புறத் தரையில் வைத்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு நாள் கழுவித் துடைக்கும்போது விரல்நுனியில் பருப்பு அளவில் ஒரு மேடு தட்டியது. வெள்ளை வரி ஒன்று அதன் குறுக்கே ஓடியதால் கண்ணுக்கு மறைந்திருந்தது. சாய்ந்த வெளிச்சத்தில் அலகு, கழுத்து, கொண்டையின் மூன்று இறகுகள் தெரிந்தன. அன்றிலிருந்து எந்தப் பொருளையும் கண்ணால் பார்க்கும் முன் விரலால் தடவிப் பார்க்கிறேன்.

குறி வழியின் குறை, அது எல்லாவற்றிலும் இல்லை என்பது. அதே அச்சில் வந்த இரண்டு பொருள்களில்கூட ஒன்றில் தெளிவாகவும் மற்றொன்றில் மங்கலாகவும் இருக்கலாம். குறி இல்லாததை வைத்து 'இது சவர்பி இல்லை' என்று சொல்லவே கூடாது. பிற்காலப் பொருள்களில் வேறொரு அபாயம் உண்டு. இம்பீரியல் நிறுவனம் 1951இலிருந்து 'இம்பீரியல் கிளாஸ்' என்ற பெயரின் இரு சொற்களின் முதலெழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக இட்டது; மற்றோர் அமெரிக்க நிறுவனமான ஃபென்டன் 1970இலிருந்து தன் பெயரை அச்சில் சேர்த்தது. இத்தகைய குறியைத் தேய்த்துவிட்டால் நூறாண்டுப் பழமை சொல்லி விற்கலாம். அடியில் ஒரே இடம் மட்டும் மங்கிச் சொரசொரப்பாக இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

நான் மிக அதிகம் நம்புவது பிரிட்டிஷ் வடிவமைப்புப் பதிவை. 1842 முதல் 1883 வரை பதிவான வடிவங்களுக்குச் சாய்சதுரக் குறி இட்டார்கள். உச்சியில் உள்ள வட்டத்தில் ரோமன் எண் மூன்று இருந்தால் அது கண்ணாடி வகுப்பு. நான்கு மூலைகளிலும் எழுத்துகளும் எண்களும் இருக்கும். 1868க்கு முன் ஆண்டெழுத்து மேல் மூலையில். 1868 முதல் வலது மூலையில். மாத எழுத்து முதலில் இடது மூலையில் இருந்தது, பிறகு கீழே போனது. ஆண்டெழுத்துகள் அகர வரிசையில் வராது. ஆகவே அட்டவணை இல்லாமல் ஊகிக்க வேண்டாம். ஓர் எடுத்துக்காட்டு: வலது மூலையில் ஆங்கில எழுத்து 'பி', கீழே 'எம்' என்றால் 1877 ஜூன். 1884 முதல் சாய்சதுரம் போய், ஒன்றிலிருந்து தொடங்கும் வரிசை எண் வந்தது. அது 1885இன் தொடக்கத்தில் இருபதாயிரத்தை நெருங்கியது. 1900இன் தொடக்கத்தில் மூன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. இந்தப் பதிவேடுகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எண்ணைக் கொடுத்தால் பதிவு செய்தவர் பெயரும் நாளும் கிடைக்கும்.

என் மஞ்சள் தட்டை முடித்து வைத்தது இந்த வழிதான். அதில் மயிலும் இல்லை, சிங்கமும் இல்லை. ஆனால் வடிவக் கோடுகளுக்கு நடுவே 176566 என்ற எண் புடைத்து நின்றது. வரிசையில் அது 1891ஆம் ஆண்டுக்குரியது; பதிவு செய்தவர் கேட்ஸ்ஹெட் ஜார்ஜ் டேவிட்சன். சேர்ப்பவர்கள் 'லேடி சிப்பன்டேல்' என்று அழைக்கும் வடிவம். நிறமும் பொருந்தியது: டேவிட்சன் 1889இல் 'பேர்ல்லைன்' கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்று முதலில் நீலத்திலும் பிறகு எலுமிச்சை மஞ்சளிலும் போட்டார். அச்சிலிருந்து எடுத்த பொருளின் விளிம்பை மட்டும் மறுபடி உலை வாயில் காட்டினால் அந்தக் கண்ணாடி அந்த இடத்தில் மட்டும் பால்போல் வெளுக்கும். விளிம்பு வெண்மையின் இரகசியம் அதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கிரீனரும் மான்செஸ்டரின் பர்ட்டில்ஸ் டேட்டும் ஏறத்தாழ இதே போன்ற மஞ்சளும் வெண்மையும் போட்டார்கள். எண் இல்லாமல் நிறத்தை மட்டும் வைத்து நான் டேவிட்சன் பெயரைச் சொல்லியிருந்தால், சரியாகவே இருந்தாலும் அது ஊகம்தான்.

பதிவு எண்ணுக்கும் எல்லை உண்டு. அது சொல்வது வடிவம் பதிவான நாளை. பொருள் வார்த்த நாளை அல்ல. நன்றாக விற்ற அச்சு பல ஆண்டுகள் உழைத்தது. பதிவு செய்தவர் எப்போதும் உற்பத்தியாளராக இருக்க வேண்டியதில்லை. சில்பர் அண்ட் ஃபிளெமிங் போன்ற லண்டன் மொத்த வியாபாரிகளும் பதிவு செய்தார்கள்; அவர்களின் சரக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்தது. எண் இங்கிலாந்தில் பதிவானது என்பதால் கண்ணாடியும் அங்கே பிறந்தது என்று முடிவு கட்டிவிட முடியாது.

குறியும் எண்ணும் இல்லாதபோது மிஞ்சுவது வடிவ ஒப்பீடு. இதுதான் பொறுமையைச் சோதிக்கும் வழி. பலன் தருவதும் இதுவே. சவர்பியின் 1882 மாதிரிப் புத்தகம், ஜெர்மனியின் பிராக்விட்ஸ், வால்தர் தொழிற்சாலைகளின் 1920, 30களின் விலைப்பட்டியல்கள், அமெரிக்க மொத்த வியாபாரிகளின் பட்டியல்கள் எனப் பலவற்றின் நகல்கள் இன்று பார்க்கக் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கோட்டோவியங்கள், நிறம் இருக்காது. ஒருவகையில் அது நல்லது. நிறம் நம் கண்ணைக் கட்டாமல், கைப்பிடி எங்கே இணைகிறது, ஒரு பூவுக்கு எத்தனை இதழ், விளிம்பின் வளைவுகள் எத்தனை, கால் எந்த வடிவம் என்று எண்ண வைக்கும். ஒப்பிடும்போது பொருளின் நிறப் புகைப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதுவரை தெரியாத கோடுகள் தெரியும். 'ஏறத்தாழ அதுபோல' என்பது இங்கே செல்லாது. இதழ் ஒன்று கூடினாலும் அது வேறு அச்சு.

அச்சு இடம் மாறும் என்பது இந்த வழியின் பெரிய பொறி. நியூகாசிலில் ஹெப்பெல் தொழிற்சாலை மூடப்பட்டபோது அதன் அச்சுகளை 1884இல் டேவிட்சன் வாங்கினார். எனவே ஹெப்பெல் பதிவு செய்த வடிவம் ஒன்று டேவிட்சன் உலையில் பிறந்திருக்கலாம். இங்கேதான், நான் இதுவரை ஒதுக்கிய நிறம் உரிய மரியாதையோடு திரும்பி வருகிறது. ஹெப்பெல் வடிவம் ஒன்று மஞ்சள் பேர்ல்லைனில் கிடைத்தால், அந்தக் கலவை 1889க்குப் பிந்தியது என்பதால், அச்சு யாருடையதாயினும் கண்ணாடி ஹெப்பெலுடையதாக இருக்க முடியாது. வடிவம் பெயர்களை இரண்டாகக் குறைத்தபின் நிறத்தைக் கேட்டால் அது தெளிவாகப் பதில் சொல்கிறது. முதலிலேயே கேட்டால் உளறுகிறது.

வார்ப்பின் தரம், அச்சு இணைப்புக் கோடு, அடித் தேய்மானம் ஆகியவை பழமையைப் பற்றி ஏதாவது சொல்லும். ஊரைப் பற்றி அநேகமாக எதுவும் சொல்லாது. உண்மையான தேய்மானம் பொருள் மேசையைத் தொடும் இடத்தில் மட்டும், எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். ஒரே திசைக் கீறல் உப்புத்தாளின் வேலை. பழைய பொருளையே மாதிரியாக வைத்து எடுத்த போலி அச்சில் கோடுகள் மழுங்கும், அளவு சற்றுக் குறையும். ஆகவே அளவுகோல் எப்போதும் கையில் இருக்கட்டும். எடையையும் அடர்த்தியையும் அளந்தால் ஈயக் கண்ணாடியா இல்லையா என்று தெரியும். இந்தக் காலத்து நிறச் சரக்குக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

அருங்காட்சியகத்தைக் கேட்பதும் ஒரு வழி. கேட்ஸ்ஹெட்டின் ஷிப்லி கலைக்கூடத்தில் உள்ளூர்க் கண்ணாடியை நேரில் பார்க்கலாம். அங்கே ஒரு மதியம் நின்று பார்த்தால் சவர்பியின் தந்த நிறம் எப்படியிருக்கும் என்று கண் கற்றுக்கொள்ளும். புகைப்படம் அதைக் கற்றுத் தராது. ஆனால் எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் எழுதினால் பதிலும் பொதுவாகவே வரும். முதலில் எண், குறி, அளவு, வடிவக் கணக்கு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு பிறகு கேளுங்கள்.

நம் நாட்டுக்கும் இதில் ஓர் இடமுண்டு. எண்ணெய்ப் படலம் போல் வானவில் மின்னும் ஆரஞ்சு நிறப் பூச்சாடி அல்லது தம்ளர் கையில் வந்தால் அமெரிக்கா, ஜெர்மனி என்று தேடும் முன் கவிழ்த்துப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத்தில் ஜெயின் கண்ணாடித் தொழிற்சாலை இவ்வகையைச் செய்தது. பல பொருள்களில் 'ஜெயின்' என்ற பெயர் ஆங்கில எழுத்தில் அச்சிலேயே இருக்கிறது. நம் ஊர்ச் சரக்கை வெளிநாட்டுப் பெயரில் விற்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம். வாங்குகிறவராவது பெயரைப் படிக்க வேண்டும்.

என்ன வரிசையில் போவது? விரலும் லென்ஸும் முதலில். செலவு மிகக் குறைவு, கிடைத்தால் விடை உறுதி. எண்ணோ சாய்சதுரமோ இருந்தால் வேறெங்கும் போகாமல் பதிவேட்டுக்குப் போங்கள். இரண்டும் இல்லையென்றால் மாதிரிப் புத்தகங்களோடு உட்காருங்கள், வாரக்கணக்கில் ஆகும். புறஊதா விளக்கும் நிறமும் அதற்குப் பிறகுதான். சந்தையில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவருக்கு மட்டும் வரிசை வேறு: விரலால் தடவுங்கள், தேய்த்த அடையாளம் உண்டா என்று பாருங்கள், இரண்டிலும் எதுவும் கிடைக்காவிட்டால், பெயர் இல்லாத அழகான கண்ணாடிக்கு என்ன விலையோ அதை மட்டும் கொடுங்கள்.

மூன்றாவது கிண்ணத்தைச் சொல்லாமல் விட்டேன். விற்றவர் அதைச் சவர்பியின் 'குவீன்ஸ் ஐவரி' என்றார். புறஊதா விளக்கில் பச்சையாக ஒளிர்ந்தது. அது இரு பக்கமும் பேசும் சாட்சி, ஏனெனில் சவர்பியின் தந்த நிறமும் ஒளிரும், அமெரிக்காவில் 1900ஐ ஒட்டிப் பெருகிய 'கஸ்டர்ட்' கண்ணாடியும் ஒளிரும். இங்கிலாந்தின் ஸ்டூர்பிரிட்ஜில் பிறந்து 1881இல் அமெரிக்கா போன ஹாரி நார்த்வுட் போன்றவர்கள் அங்கே அதைச் செய்தார்கள். கிண்ணத்தில் மயில் இல்லை, எண் இல்லை, நான் பார்த்த சவர்பி பக்கங்களில் அந்த வடிவமும் இல்லை. ஒரு மாலை, ஜன்னல் வெளிச்சம் படுக்கையாக விழுந்தபோது, பக்கச் சுவரில் அழிந்துபோன பொன்னெழுத்தின் தடம் தெரிந்தது. முன்பாதி முற்றும் போய்விட்டது. பின்பாதி 'ஸ்பிரிங்ஸ்'. சுற்றுலா ஊர்களில் ஊர்ப்பெயர் எழுதி நினைவுப் பொருளாகக் கஸ்டர்ட் கண்ணாடியை விற்பது அமெரிக்க வழக்கம். நீரூற்று ஊர்களுக்கு அப்படிப் பெயர் முடிவதும் அங்கேதான் அதிகம்.

ஒவ்வொரு பொருளுக்குள்ளும் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். பூச்சாடியில்: "கேட்ஸ்ஹெட், சவர்பி, 1876க்குப் பின். ஆதாரம்: உட்புற மயில் தலை." தட்டில்: "கேட்ஸ்ஹெட், டேவிட்சன், 1891 பதிவு. ஆதாரம்: எண்." கிண்ணத்தில் பென்சிலால்: "அமெரிக்கா, 1900 ஒட்டி. ஆதாரம்: பொன்னெழுத்துத் தடம், வடிவம் சவர்பியில் இல்லை. தொழிற்சாலை:" அதற்குப் பின் இடம் விட்டிருக்கிறேன்.